ஆபத்தே இல்லை, ஆனால் உச்சவரம்பு உண்டு

கூடங்குளம் அணுஉலை நூற்றுக்கு நூறு பாதுகாப்பானது. பூகம்பம் வந்தால் அசையாது, சுனாமி வந்தால் நனையாது. 2011-ல் அப்துல் கலாமே நேரில் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

ஒரே ஒரு சந்தேகம். இத்தனை பத்திரமான பொருளுக்கு, விபத்து நடந்தால் யார் எவ்வளவு தருவது என்று சட்டம் எதற்கு? 2010-ல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், உலையை நடத்துகிறவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாயோடு முடித்துவைத்தது. முதல் இரண்டு உலைகளைக் கட்டவே 22,000 கோடிக்கு மேல் ஆகியிருக்கிறது. உலைக்கு அந்த விலை. சுற்றியிருக்கும் ஊர், கடல், மீன், பிள்ளைகுட்டி எல்லாம் சேர்த்துத் தள்ளுபடி விலை.

அந்தச் சட்டத்தில் உருப்படியாக இருந்தது ஒரு பிரிவு: பழுதான கருவியை விற்றவரிடமும் நஷ்டத்தை வசூலிக்கலாம். உடனே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது. மிக்ஸி விற்கிறவன்கூட வாரண்டி அட்டையில் முத்திரை குத்தித் தருகிறான். அணுஉலை விற்கிறவனுக்கு மட்டும் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் போக்கத்தான் 2025 டிசம்பரில் புதுச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலோ, வேண்டுமென்றே கெடுத்ததாக நிரூபித்தாலோ தவிர, விற்றவரை இனி யாரும் தொட முடியாது. சட்டத்தின் சுருக்கப் பெயர் ‘சாந்தி’. யாருக்குச் சாந்தி என்று கேட்பது அறிவியலுக்கு விரோதம்.

அடுத்து, எரிந்து முடிந்த எரிபொருள். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் உலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அது சோவியத் யூனியனுக்கே திரும்பிப் போகும் என்றார்கள். பிறகு இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். 2012-ல் அதைப் புதைக்கக் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டதும் கர்நாடகம் கொதித்தெழ, அப்படி எண்ணமே இல்லை என்று டெல்லி பின்வாங்கியது. உலைக்கு வெளியே தனிக் கிடங்கு கட்ட 2013-ல் உச்ச நீதிமன்றம் ஐந்து ஆண்டு கெடு வைத்தது. 2018-ல் கெடு முடிந்தபோது கெடுவுக்கே கெடு நீட்டித்தார்கள். பல்லாயிரம் ஆண்டு பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று சத்தியம் செய்பவர்களால் ஐந்து ஆண்டில் ஒரு கிடங்கு கட்ட முடியவில்லை.

வெளிப்படைத்தன்மையிலும் குறை சொல்ல முடியாது. 2019 அக்டோபரில், கணினிக்குள் வைரஸ் புகுந்ததாகப் பேச்சு எழுந்தது. ‘அதற்கு வாய்ப்பே இல்லை’ என்று நிலையம் மறுத்தது. மறுநாளே, நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் புகுந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உண்மை வெளிவர ஒரு நாள் ஆனது. கதிர்வீச்சு அவ்வளவு நேரம் காத்திருக்குமா என்று தெரியவில்லை.

இப்படியெல்லாம் கேட்டதுதான் உலைக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரை செய்த குற்றம். 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த காலனி, உலையைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. கடலிடமிருந்து காப்பாற்றி அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஃபுகுஷிமா அணுஉலை விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அவர்கள் பயந்தால், ‘அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் தூண்டிவிட்டன’ என்று குற்றம் சாட்டினார் பிரதமர் மன்மோகன் சிங். மக்கள் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொன்ன ஜெயலலிதா, ஆறே மாதத்தில் 500 கோடி ரூபாய் திட்டத்தோடு பச்சைக்கொடி காட்டினார். அச்சத்துக்கும் விலைப்பட்டியல் உண்டு போலும்.

2012 செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப்புகை. பெண்கள் கடலுக்குள் ஓடினார்கள். மணப்பாட்டில் துப்பாக்கிச் சூடு. ஒரு மீனவர் செத்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்கு. வலை பின்னுகிற கிழவி தேசத்தை எந்தக் கையால் கவிழ்த்திருப்பாள்? மேற்கு வங்க ஹரிப்பூரில் எதிர்ப்பு வந்ததும் அணுஉலைத் திட்டத்தை மம்தா அரசு வேண்டாமென்றது. குஜராத்தின் மிதிவிர்தியில் நிலம் கிடைக்கவில்லை, உலைத் திட்டம் ஆந்திராவுக்கு இடம் மாறியது. அங்கெல்லாம் மக்கள் கருத்து. இங்கே மட்டும் ராஜத்துரோகம்.

அணு மின்சாரம் நிலக்கரியைப் போலப் புகை கக்காது, உண்மை. ஐப்பசி வந்தால் காற்று படுத்துக் காற்றாலை நின்றுவிடும், அதுவும் உண்மை. இவற்றை வைத்து நேர்மையாக விவாதிக்கலாம். ஆனால் முப்பந்தலிலும் ராதாபுரத்திலும் ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழலும்போது, மின்கட்டமைப்பு தாங்காது, நிறுத்து என்று உத்தரவு போட்டவர்கள், அதே வாயால் காற்றை நம்ப முடியாது என்கிறார்கள். உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் காடம்பாறையில் 1987-லேயே வந்துவிட்டது. அடுத்ததான குந்தா ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணு மின்சாரம் என்று பட்ஜெட்டில் முழங்க மட்டும் மூச்சு இருக்கிறது.

ஐயா பெரியவர்களே, உங்கள் உலையை நம்ப நாங்கள் தயார். முதலில் நீங்கள் நம்புங்கள். இழப்பீட்டு உச்சவரம்பை எடுங்கள், விற்றவனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், கிடங்கு எங்கே என்று காட்டுங்கள், வழக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுங்கள். உங்கள் பணத்தையே பணயம் வைக்கத் துணியாத உலைக்கு எங்கள் உயிரைப் பணயம் கேட்பதற்குப் பெயர் அறிவியல் என்றால், எங்களை அறிவிலிகள் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.