லட்லோ கோட்டையும் மெட்ராஸ் கவர்னரும்

தொண்ணூறுகளில் மாணவனாக இங்கிலாந்தில் இருந்தபோது லட்லோவுக்கு என்னை இழுத்துப் போனவர் ஏ. இ. ஹவுஸ்மன். 1896-இல் வெளிவந்த அவருடைய ‘எ ஷ்ராப்ஷயர் லேட்’ கவிதைத் தொகுப்பு எனக்கு அந்த வயதில் உயிர். அவருடைய அஸ்தி லட்லோவின் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்து வடக்குச் சுவரருகே இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகத்தான் ஷ்ரூஸ்பரியில் ரயில் ஏறினேன்.

வேல்ஸ் எல்லையை ஒட்டி, டீம் ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிறது ஊர். உச்சியில் கோட்டை, அதன் வாசலுக்கு எதிரே சந்தைத் திடல். அன்றைக்குச் சந்தை என்றால் மண் போகாத உருளைக்கிழங்கு, கம்பளிக் காலுறை, மலிவு விலைப் பாத்திரம், மழையைப் பற்றிய பேச்சு. இன்றும் திங்கள், புதன், வெள்ளி, சனியில் அதே இடத்தில்தான் கடை போடுகிறார்கள். சரக்குதான் மாறிவிட்டது. 1995-இல் கோட்டைக்குள் தொடங்கிய உணவுத் திருவிழா இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. 2000 வாக்கில், சுமார் பத்தாயிரம் பேர் வாழும் இந்தச் சிற்றூரில் மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் மூன்று இருந்தன. அண்மையில் போனபோது, ஒரு பாலாடைக்கட்டிக்காரர் பெரிய வட்டிலிருந்து கம்பியால் ஒரு சீவல் அறுத்துக் கத்தி முனையில் நீட்டினார். எந்தப் பண்ணைப் பால், எத்தனை மாதம் பதப்பட்டது என்று நான் கேட்காமலே சொன்னார். தன் மண்ணில் விளைவதன்மீது ஒருவருக்கு இருக்கும் பெருமையைக் கேட்க நன்றாக இருந்தது.

சந்தையிலிருந்து நேரே கோட்டைக்குள் நுழையலாம். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்கள் எழுப்பியது. எட்டாம் ஹென்றியின் அண்ணன் இளவரசர் ஆர்தர் 1502-இல் இங்கேதான் இறந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் இங்கிலாந்தின் வரலாறே வேறு. மில்டனின் ‘கோமஸ்’ 1634-இல் முதன்முதலாக அரங்கேறியதும் இங்கேதான். உள்முற்றத்தில் வட்ட வடிவில் ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. கூரை போய்விட்டது. வாசல் வளைவில் வரிவரியாக வெட்டிய கோணல்மாணல் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தேன். எண்ணூறு ஆண்டுக்கு மேல் மழை அடித்தும் உளித்தடம் கைக்குத் தட்டுப்படுகிறது. அதன்மேல் யாரும் சிமெண்ட் பூசவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை. இடிந்ததை இடிந்தபடியே, மேலும் இடியாமல் காத்திருக்கிறார்கள்.

காத்தவர் யார் என்பதை அந்த முதல் பயணத்தில் நான் தேடவில்லை. 1811-இல் பவிஸ் பிரபு இந்தக் கோட்டையை அரசிடமிருந்து 1,560 பவுண்டுக்கு வாங்கினார் என்று படித்தபோது, அது இங்கிலாந்துப் பிரபுக்களில் யாரோ ஒருவர் பெயர், அவ்வளவே. அந்தப் பிரபுவின் பெயர் எட்வர்ட் கிளைவ். 1744-இல் கம்பெனி எழுத்தராக மெட்ராஸில் வந்திறங்கி, ஆற்காட்டிலும் பிளாசியிலும் பேரெடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்த ராபர்ட் கிளைவின் மூத்த மகன். 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர்.

அந்த ஆண்டுகளைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1799 மே மாதம் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801 மே மாதம் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கினார்கள். அப்போது மெட்ராஸ் கோட்டையிலிருந்து மாகாணத்தை ஆண்டவர் எட்வர்ட் கிளைவ். பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு கோட்டை மண்ணோடு மண்ணான பத்தே ஆண்டில், தன் ஊர்ப்பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு கோட்டையை அவர் விலை கொடுத்து வாங்குகிறார். அது இன்றும் அவருடைய வாரிசுகளிடம் இருக்கிறது.

அண்மைப் பயணத்தில் லட்லோவிலிருந்து வேல்ஸுக்குள் வெல்ஷ்பூல் வரை போய், அந்தக் குடும்பத்தின் பவிஸ் கோட்டையையும் பார்த்தேன். கிளைவ் அருங்காட்சியகம் அங்கேதான். திப்புவின் கூடாரம் பூவேலையோடு அப்படியே நிற்கிறது. சிம்மாசனத்தின் புலித்தலை ஒன்று பொன்னும் மணியுமாகக் கண்ணாடிக்குள் மின்னுகிறது. வரிசையில் நின்றவர்கள் அதன் வேலைப்பாட்டை வியந்தார்கள். வியக்கத்தக்கதுதான். எனக்கோ நெஞ்சு அடைத்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையில் எஞ்சியது அடித்தளம் மட்டுமே. லட்லோவை எனக்கு இப்போதும் பிடிக்கும். அதன் சந்தையும் தெருக்களும் மனதுக்கு நெருக்கமானவை. ஒரு சிற்றூர் தன் பழமையை இவ்வளவு பொறுப்பாகக் காப்பதை நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 1811 என்ற ஆண்டைச் சொல்லும்போதெல்லாம் 1801-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறார்கள், ஊர் சுற்றுகிறார்கள். லட்லோ கோட்டையில் நிற்கும்போது பாஞ்சாலங்குறிச்சி அவர்களுக்கு நினைவு வர வேண்டும். அதற்கு முதலில் பாஞ்சாலங்குறிச்சியின் அந்த அடித்தளத்தை நாம் அழைத்துப் போய்க் காட்டியிருக்க வேண்டும்.