குறைந்தபட்சத்துக்கும் கீழே ஒரு சர்க்கார்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தொழிலாளர் துறை அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றால் இரும்பு உருக்காலை மேனேஜர் வியர்த்துக்கொண்டே பதிவேட்டைத் தேடுவார். குறைந்தபட்சக் கூலி கொடுத்தாயா, பி.எஃப். கட்டினாயா, ஓவர்டைம் எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. நல்லது, கேட்கட்டும். ஆனால் ஜீப் வந்த வழியில் ஏதோ ஓர் ஊராட்சியில் வண்டி தள்ளிக் குப்பை அள்ளிக்கொண்டிருந்த பெண்ணிடம் மட்டும், "உனக்கு என்னம்மா சம்பளம்?" என்று அவர் கேட்கவே மாட்டார். கேட்டால் வழக்குப் போட வேண்டியது தன் முதலாளி மேல்.

தூய்மைக் காவலர் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு மாதம் 3,600 ரூபாயாக இருந்தது. பெரிய மனது பண்ணி 5,000 ஆக்கினார்கள். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 192 ரூபாய். அதே பெண் நூறு நாள் வேலைக்குப் போய் ஏரியில் மண் அள்ளியிருந்தால், 2025-26 கணக்கில் நிர்ணயித்திருந்த கூலி நாளுக்கு 336. கூலி என்று எழுதினால் சட்டம் வந்து நிற்கும். அதனால் தூய்மைக் காவலருக்கு மதிப்பூதியம் என்று எழுதிக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் அரசு, அதிலிருந்து தப்பிக்கும் வழியையும் தானே வைத்திருக்கிறது.

ஊராட்சியில் மதிப்பூதியம் என்றால், நகராட்சி, அனல்மின் நிலையம், அரசு ஆஸ்பத்திரி என்று வந்தால் டெண்டர். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்கிறது 1998-இன் டெண்டர் சட்டம். ஜல்லிக்கும் சிமென்டுக்கும் அது சரி. ஆளையே சரக்காக வாங்கும் வேலையில்? மதிப்பீட்டுக்குப் பத்து சதவீதம் கீழே ஒருவர் எழுதிப் போடுகிறார் என்று வையுங்கள். டீசல் குறையாது. துடைப்பம் குறையாது. ஜி.எஸ்.டி. குறையாது. பில் பாஸாக மேஜைக்கு மேஜை வைக்க வேண்டியது குறையவே குறையாது. அப்படியானால் அந்தப் பத்து சதவீதம் யாருடைய சோற்றிலிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்க ஐ.ஏ.எஸ். தேவையில்லை, கண்டுபிடிக்காமல் இருக்கத்தான் தேவை.

இந்தக் கள்ளத்தை முன்பே மோப்பம் பிடித்தது 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். சம்பளம் கொடுக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரின், பிரதிநிதி பக்கத்தில் நின்று, இன்னாருக்கு இவ்வளவு என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது என்று சான்றளிக்க வேண்டும் என்றது அதன் 21-வது பிரிவு. காண்ட்ராக்டர் குறைத்துக் கொடுத்தால் மீதியை முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். சாட்சிக் கையெழுத்து என்னவோ விழுந்துகொண்டேதான் இருந்தது, மாதக் கடைசியில், மின்விசிறிக்குக் கீழே, மொத்தமாக. பல இடங்களில் சம்பளம் பேங்கில் விழும், ஏ.டி.எம். கார்டு மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கும். பி.எஃப். பிடித்தம் சீட்டில் இருக்கும், கணக்கில் இருக்காது. காண்ட்ராக்டர் மாறுவார், கூட்டுகிற ஆள் மாறமாட்டார். பதினைந்து வருஷம் கூட்டியவர் ஒவ்வொரு டெண்டருக்கும் புது ஆள்.

காண்ட்ராக்டர் செய்த தப்புக்கு நாங்கள் என்ன செய்ய என்று கையை விரிக்கும் கலையும் புதிதல்ல. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்கு ஸ்டேடியம் கட்டியபோது ஒரு நாள் கூலி ரூ.9.25. அதில் ஆள் பிடித்துவந்த ஜமாதார் ஒரு ரூபாயை உருவிக்கொண்டு ரூ.8.25 கொடுத்தார். ஒரு ரூபாய்தானே என்று உச்ச நீதிமன்றம் விடவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு, காண்ட்ராக்டரைக் காட்டி அரசு தப்ப முடியாது என்று நீதிபதி பகவதி எழுதினார். அந்தக் கணக்குப்படி நம் அலுவலகங்களின் வாசலைத் தினமும் கொத்தடிமைகள்தான் கூட்டுகிறார்கள். உள்ளே சுவரில் அம்பேத்கர் படம் இருக்கிறது.

அரசு வேலையை எடுப்பவன் நியாயக் கூலி கொடுக்க வேண்டும் என்று லண்டன் பாராளுமன்றம் 1891-இலேயே தீர்மானம் போட்டது. அதையே உலகத்துக்கு விதியாக்கிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் வருஷத்து 94-வது உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. ஏற்றது வேறு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்து, ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக ஏற்றியிருக்கிறது. இனி 49 பேரோடு நிறுத்திக்கொள்ளும் சிக்கன காண்ட்ராக்டர்களை நாடெங்கும் பார்க்கலாம்.

கூலி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைப் பக்கத்துச் சென்னை காட்டியது. 2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களின் குப்பையைத் தனியாருக்குக் கொடுத்ததால் ஏறத்தாழ 23 ஆயிரம் சம்பளம் 17 ஆயிரத்துக்கும் கீழே போகிறதே என்று தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13-ஆம் நாள் நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. விடிந்ததும் அமைச்சரவை கூடி அவர்களுக்கு இலவசக் காலை உணவு அறிவித்தது. கேட்டது சம்பளம், கொடுத்தது டிபன். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தால் இட்லியை அவர்களே வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில், 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். மாநில அரசின் மின்நிலையம், மத்திய அரசின் பெல் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றார் முதல்வர், இரண்டு லட்சம் என்றார் பிரதமர். பிணத்துக்கு முன்னால் அரசுக்கு முதலாளி யார் என்பதில் சந்தேகமே வருவதில்லை. உயிரோடிருப்பவன் சம்பள பாக்கி கேட்டு வந்தால்தான், "காண்ட்ராக்டரைப் போய்ப் பார்" என்ற ஞாபகம் வருகிறது.

இதற்குக் கமிஷன் வேண்டாம், கருத்தரங்கு வேண்டாம். தலைக்கு இவ்வளவு கூலி, அதைக் குறைத்து எழுதினால் டெண்டர் தள்ளுபடி என்று முதல் பக்கத்தில் அச்சடியுங்கள். ஆளுக்கு ஆள் பேங்கில் விழுந்த சம்பளத்தையும் பி.எஃப். ரசீதையும் காட்டாத பில்லுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். இது சிரமம் என்று எந்த அதிகாரியாவது சொன்னால், அவருடைய சம்பளத்தை ஒரே ஒரு மாதம் அதே காண்ட்ராக்டர் வழியாகக் கொடுத்துப் பாருங்கள். முழுத் தொகைக்குக் கையெழுத்து, கையில் முக்கால். மறுநாள் காலையிலேயே அரசாணை வந்துவிடும்.