நாலு சிபியு, 12 லட்சம் ரிக்வெஸ்ட்

கே: நாலே விசிபியு உள்ள வாடகை மெஷின் நொடிக்கு 12 லட்சம் ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் சொன்னதாமே, கப்சாவா?

ப: நிஜம். 2021-இல் அமேசானின் சி5என்.எக்ஸ்லார்ஜில் ஒருவர் செய்து காட்டினார். தொடக்கம் 2.24 லட்சம். பதில் மட்டும் 'ஹலோ வேர்ல்டு' அளவு ஜேசான். டேட்டாபேஸ் இருந்த திசையில் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

கே: அப்படி என்னதான் சேர்த்தார்?

ப: கழற்றியதுதான் அதிகம். ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தி விசாரிக்கும் ஐபிடேபிள்ஸைத் தூக்கினார். அமேசானின் செக்யூரிட்டி குரூப் வெளியே காவல் இருக்கிறதே! சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் ஆடிட்டிங், ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டைக்கான தடுப்புகள், எல்லாம் அவுட். பெரிய லாபம் வந்தது இன்னொன்றில்: எந்த சிபியுவில் பாக்கெட் வந்து இறங்குகிறதோ, அதே சிபியுவில் ஓடும் ப்ராசஸே பதிலையும் அனுப்பும்படி கட்டிப்போட்டார். கேஷில் சூடாக இருக்கும் தகவலை அடுத்த சிபியுவுக்குக் கடத்தும் வேலை மிச்சம்.

எனக்குப் பிடித்தது டிஹெச்சிபி கிளையன்ட் கதை. ஐபி முகவரி வாங்கிக் கொடுத்ததோடு அதன் முக்கிய வேலை முடிந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டு மாமி மாதிரி, வந்துபோகும் பாக்கெட்டை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நிறுத்தியதும் 6 சதவீதம் வேகம் கூடியது.

கே: ஸ்பெக்டர் தடுப்பை நானும் அணைத்துவிடட்டுமா?

ப: மெஷினில் உங்கள் கோட் மட்டும்தான் ஓடுகிறது என்றால் யோசிக்கலாம். கண்டவர் கோடும் ஓடுகிறதா? கையை எடுங்கள். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் அம்பலமானபோது சிப் கம்பெனிகள் பட்ட பாடு மறந்துவிட்டதா?

கே: நாலு கோர் மெஷினில் என்ஜின்எக்ஸ் வொர்க்கர்களை 64 ஆக்கினேன். வேகம் குறைந்துவிட்டது!

ப: இருப்பது நாலு கோர்தானே? 'ஆட்டோ' என்று போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கே: வாசகர்கள் மதுரையில், சர்வர் வர்ஜீனியாவில். கெர்னலில் எதைத் திருகலாம்?

ப: பூமியைத்தான் திருக வேண்டும். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். தூரமோ 13,000 கி.மீ.க்கு மேல். போய்வரவே 130 மில்லிசெகண்ட் தாண்டும். கேபிள் வளைந்து நெளிந்து போவது தனிக் கணக்கு. மும்பைக்கு மாற்றுங்கள்.

கே: என் அமேசான் டி2 மெஷின் காலையில் பறக்கிறது, மாலையில் தவழ்கிறது. என்ன ட்யூனிங் செய்யட்டும்?

ப: ஒன்றும் வேண்டாம். அதற்கு அளந்து தரும் சிபியு கிரெடிட் காலியாகியிருக்கும். பர்ஸைத் திறங்கள்.