512 அடுக்கு மரியாதை

வாடிக்கையாளரின் ஊர்ப் பெயர் வேண்டும், அவ்வளவுதான். ஜேசானில் அது ஆர்டருக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, அதற்குள் ஊர் என்று பதுங்கியிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தேடுவதுபோல, தாத்தா, பாட்டி, பெரியப்பா எல்லாரையும் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பிஎச்பிக்கோ தாராள மனசு. ஜேசானைப் பிரிக்கும் ஃபங்ஷன் 2006-இல் 5.2 பதிப்போடு வந்தது. சும்மா கூப்பிட்டாலே 512 அடுக்கு வரை இறங்கும். (அத்தனை ஆழத்தில் முகவரி வைப்பவரை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை.) இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக 'ட்ரூ' போட்டால் அரே, சதுர அடைப்புக்குறி, போடாவிட்டால் ஆப்ஜெக்ட், அம்புக்குறி. மாற்றி எழுதினால் கத்தும். ஆனால் ஜேசானே உடைந்து வந்தால்? சத்தம் கிடையாது. கையில் ஒரு 'நல்' கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஒழுங்கான ஜேசானில் வெறும் 'நல்' வந்தாலும் அதே 'நல்'தான்; அதை மட்டும் பார்த்தால் எது எது என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

உடைந்ததை உடைந்தது என்று எக்செப்ஷன் வீசிச் சொல்ல 2018-இல் 7.3 வரவேண்டியிருந்தது. அதுவும் நாம் கேட்டால்தான் வீசும். கேட்பதற்கான கொடி ஜேசான்_த்ரோ_ஆன்_எரர்: பெயர் நீளம்தான். ஆனாலும் தட்டச்சுக்குக் காசில்லை, எழுதிவிடுங்கள் ஐயா.