கடன்கார ரோபோவின் மறுபிறவி

1997-இல் பிளேஸ்டேஷனில் வந்த 'ஆர்மர்ட் கோர்' விளையாட்டில் நீங்கள் வீரன் அல்ல, கூலிக்காரன். ராட்சத ரோபோவை ஓட்டிப்போய் வேலையை முடித்தால், தோட்டாக் காசையும் ரிப்பேர் செலவையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். ஜெயித்தும் கடனோடு வீடு திரும்பலாம். கடன் முற்றினால் உங்கள் உடம்பையே பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள். நம்மூர் கந்துவட்டிக்காரர்கள்கூட இவ்வளவு தூரம் யோசித்ததில்லை.

அண்ணாந்து பார்க்க ஒரு பட்டன், குனிந்து பார்க்க ஒரு பட்டன். அதற்காகக் கன்ட்ரோலரை நண்டு பிடிப்பதுபோல் பிடித்து விரல் சுளுக்கியவர்கள், அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பக்தி என்றால் அலகு குத்தத்தானே வேண்டும்!

2013-க்குப் பிறகு தொடர் தூங்கிப்போனது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 'டார்க் சோல்ஸ்', 'எல்டன் ரிங்' என்று வாளும் டிராகனுமாய்க் கல்லா கட்டியது. 2023 ஆகஸ்டில் ஆறாம் பாகம். இக்காலத்துப் பிள்ளைகளுக்காக நிறையவே இறங்கி வந்திருக்கிறார்கள். கேமரா இடைப்பட்ட பாகங்களிலேயே கட்டைவிரலுக்கு வந்துவிட்டது; இப்போது செத்தால் பாதியிலிருந்தே தொடங்கலாம், போகிறபோக்கில் உதிரிபாகமும் மாற்றலாம். இவ்வளவு சலுகையும் கொடுத்துவிட்டு, முதல் அத்தியாய முடிவில் பால்டியஸ் என்றொரு ஏவுகணை அரக்கனை நிறுத்தினார்கள். புதியவர்கள் கதறிய கதறலில், அடுத்த மாதமே ஒரு அப்டேட் போட்டு அதன் வீரியத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. பழையவர்களோ, 'குறைப்பதற்கு முன்பே ஜெயித்தேனாக்கும்' என்று தேதி போட்டுச் சொல்கிறார்கள்.

தோட்டாக் காசு மட்டும் இன்றைக்கும் நம் கணக்கில்தான்.