விசிறியும் கைப்பிடி அரிசியும்

வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்கிறது மத்தேயு 6ஆம் அதிகாரம். நம்மவர்கள் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்: இடது கையைத் தவிர ஊருக்கே தெரியும்படி, சபைக்குக் கொடுத்த மின்விசிறியின் இறக்கையில் பெயரும், பட்டமும், ‘குடும்பத்தார்’ என்ற வாலும். சுற்றும்போது வாசிக்க முடியாது என்பதால், மின்வெட்டு அன்பளித்தவருக்கு அனுகூலம். மாற்கு 12இல் இரண்டு காசு போட்ட விதவைக்குப் பெயரே இல்லை. எருசலேம் ஆலயத்தில் விசிறிக் கமிட்டி இல்லை போலும்.

திருநெல்வேலிச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவது பழைய வழக்கம். யார் வீட்டு அரிசி எது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். கன்னியாகுமரிக் கடற்கரையில் அரிசிமணியில் பெயர் எழுதித் தருகிறார்கள். கமிட்டியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.