தாள் ஐயா

“தம்பி, ஒரு தாள் இருக்குமா? புதுசா இருந்தா நல்லது.”

வாசற்படி தாண்டியதும் இதுதான் முதல் கேள்வி. கோப்பிக்கு முன்னால் துப்பாக்கி வந்துவிடும். ஐயா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கிய பழைய போல்ட் துப்பாக்கி அது. அனுமதிப்பத்திரத்தை வருஷம் தவறாமல் புதுப்பிப்பார். சுட்டதை நான் பார்த்ததில்லை. பெடிங் போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன், 11 வருஷமாக.

தெரியாதவர்களுக்கு: துப்பாக்கியின் இரும்பு உட்காரும் மரப் பள்ளத்தில், கண்ணாடி நார் கலந்த அரல்டைட் பசையைப் பூசி, இரும்பைப் பதித்து இறுகவிடுவது பெடிங். இரும்பு அசையாது. ஆனால் குழல் மட்டும் மரத்தில் எங்கும் முட்டக் கூடாது. முட்டினால் குறி தப்பும். முட்டுகிறதா என்று பார்க்கத்தான் தாள். குழலுக்கு அடியில் நுழைத்து, நுனியிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். தடையில்லாமல் போனால் வேலை சுத்தம்.

ஐயா இழுப்பார். பாதியில் சிக்கும். “பாத்தீங்களா, பனி!” என்பார் வெற்றியோடு. நம் மலையின் ஈரத்தை மரம் குடித்து ஊதுகிறதாம். அது உண்மைதான். ஈரம், மரம், வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு என்று விளக்கம் நீளும்போது, கை தன்பாட்டில் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடும். கேட்கவா முடியும்? பெரிய மனிதர்.

20 ரூபாயில் தொடங்கினார். பிறகு 100. 2022இல் ரூபாய் விழுந்ததும் 500க்கு வந்தார். “ஐயா, தாளின் தடிப்பு கூடவில்லையே?” என்றேன். “பழைய தாள் கசங்கியிருக்கு தம்பி, அளவு பிழைக்கும்” என்றார். அவர் பையில் இருந்ததெல்லாம் என் புதுத்தாள்கள்தான்.

வேட்டைக் கதையும் உண்டு. நுவரெலியாவில் புதைக்கப்பட்ட மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அரல்டைட் கடைக்கு வந்தது அதற்கு நூறு வருஷம் கழித்து. “பெடிங் இல்லாமலே 1,400 ஐயா” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “யானை பெருசு தம்பி” என்றார்.

சிரித்தாலும் எனக்கு வயிறு எரியும். ஐயாவின் வீட்டுக்குக் கீழே லயத்து ஆட்கள் போட்டிருக்கும் மரவள்ளியையும் வத்தாளையையும் பன்றி கிண்டிப்போடுகிறது. “சுட வேணாங்கய்யா, ஒரு வெடிச் சத்தம் போதும்” என்று வந்து நிற்கிறார்கள். “பசை இன்னும் காயல” என்கிறார். இந்தக் குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும், ஒப்புக்கொள்கிறேன். 11 வருஷமா? சென்ற மாதம் தீபாவளி மிச்சப் பட்டாசை அவர்களே கொளுத்திக்கொண்டார்கள். பன்றி ஓடியது. ஐயா சன்னலைத் திறந்து, “யார்டா அது, அனுமதி இல்லாம?” என்று சத்தம் போட்டார்.

போன ஞாயிறு போனேன். மனிதர் வாடியிருந்தார். இரும்பில் பசை ஒட்டாமலிருக்க முதலில் சப்பாத்துப் பொலிஷ் தடவ வேண்டும். டப்பாவைப் பேரன் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து மினுக்க எடுத்துப்போய்விட்டான். ஐயா அதை மறந்து பசையைப் பூசிவிட்டார். இரும்பும் மரமும் இப்போது ஒரே உடம்பு. திருகாணி கழன்றது, துப்பாக்கி கழலவில்லை. முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார், சுகமில்லாத பிள்ளையைத் தடவுகிற மாதிரி. பாவமாகத்தான் இருந்தது. கோப்பியை நானே உள்ளே போய் வாங்கி வந்து கொடுத்தேன்.

குழலுக்கு அடியில் ஊதா நிறத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இடைவெளி விடுவதற்காக மடித்துச் செருகியதாம். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் 20 ரூபாய்த் தாளாகக் கொண்டுபோங்கள்.